மீன் தொட்டியின் அடியில் என்ன போடுவது? மணல், கல், மண் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டில் நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் தொட்டி, பில்டர், மீன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அடியில் போடுவதை மட்டும் கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டு முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் நிரப்பி மீன் விட்ட பிறகு மாற்றுவதற்கு மிகவும் கஷ்டமானது அதுதான். ஆகவே என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அடியில் எதையாவது போட்டே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. குஞ்சு வளர்க்கும் தொட்டி, நோயுற்ற மீனைத் தனியே வைக்கும் தொட்டி, டிஸ்கஸ் மீன் தொட்டி இவற்றை வெறும் கண்ணாடியாகவே விடுவது நல்லது. மிஞ்சிய தீனும் கழிவும் கண்ணுக்குத் தெரியும், ஹோஸ் வைத்து உடனே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

வரவேற்பறையில் வைக்கும் சாதாரணத் தொட்டிக்கு மணலோ கல்லோ போடுவதில் நன்மை அதிகம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் பில்டரில் மட்டும் குடியிருப்பதில்லை. அடியில் கிடக்கும் ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலும் அவை பிடித்து வளரும். அத்துடன், கீழேயிருந்து வெளிச்சம் தெறிக்கும் வெறும் கண்ணாடிக்கு மேல் பல மீன்கள் மிரண்டு நிறம் வெளிறிக் கிடக்கும். அடியில் மணல் வந்ததும் அவை தெளிவடைவதைப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம். அந்த மணலை நன்றாகக் கழுவிப் போட்டால் என்ன?

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எங்கிருந்து கேட்டாலும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலான நன்னீர் தொட்டிகளுக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

கழுவினால் உப்புப் போகும், அது உண்மை. ஆனால் பிரச்சினை உப்பு அல்ல. கடல் மணலில் சிப்பி, சோகி, முருகைக்கல் இவற்றின் பொடி கலந்திருக்கும். அது கல்சியம் காபனேற்று. எத்தனை முறை கழுவினாலும் அது மணலோடு மணலாகவே இருக்கும். தொட்டித் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் (அதில் கரைந்த சுண்ணாம்புச் சத்தின் அளவு) பிஎச் அளவையும் (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் எண்) ஏற்றிக்கொண்டே போகும். தண்ணீர் எவ்வளவு அமிலத்தன்மையாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கரையும். நீங்கள் வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைப்பதை அந்தப் பொடி திரும்ப ஏற்றிவிடும்.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கரையோரத்தில் பல வீட்டுக் கிணறுகள் மணற்பாங்கான நிலத்தில் தோண்டியவை. அவற்றில் பலவற்றின் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் உங்கள் கிணற்றிலேயே தேவைக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அந்தத் தண்ணீரோடு கடல் மணலும் சேர்ந்தால் கடினம் குறைந்த தண்ணீர் கேட்கும் நியோன் டெட்ரா, ஏஞ்சல் போன்ற மென்னீர் மீன்கள் தாங்காது. குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைப் பாவிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் குளோரின் போகவிட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயத்தில் அனுமதியில்லாமல் மணல் எடுக்கக் கூடாது, முருகைக்கல்லை எடுக்கவே கூடாது. ஒரு வாளிதானே என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியும் டச்பாரும் பட்டதைப் பார்த்த ஊர் இது. கரை மணல் கரையிலேயே கிடக்கட்டும்.

பாலமீன்மடு, முகத்துவாரம் பக்கத்து வாவி மணல்?

அதுவும் கடல் மணலின் உறவுதான். சிப்பித்துண்டு நிறைய இருக்கும். மேலே சொன்ன அதே பதில்.

என்னிடம் இருக்கும் மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

சமையலறையில் இருக்கும் வினாகிரி போதும். ஆனால் அவசரப்பட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஆகவே முறையாகச் செய்யுங்கள்.

மணலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எடுத்துத் தெளிவான கண்ணாடிக் குவளையில் போடுங்கள். மணல் மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றுங்கள். ஊற்றியவுடன் சில குமிழிகள் பொங்கி வரும். அது மணிகளுக்கு இடையில் சிக்கியிருந்த காற்று. அதைப் பார்த்துவிட்டுப் பலர் மணலைக் கொட்டிவிடுகிறார்கள். குவளையை ஒரு தட்டுத் தட்டி, அரை நிமிடம் பொறுங்கள். பிறகு குவளையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரே மணியிலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழி தொடர்ந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தால் அது சிப்பி அல்லது முருகைக்கல் துண்டு. காதருகே வைத்தால் மெல்லிய சிர்ரென்ற சத்தம்கூடக் கேட்கும். அசையாமல் கிடந்தால் மணல் நல்லது. வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியும் உதவும்.

வினாகிரி பலங்குறைந்த அமிலம். மெதுவாகக் கரையும் சில சுண்ணக்கற்கள் அதற்குப் பொங்காமல் தப்பிவிடும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு போத்தல் எடுங்கள். இரண்டிலும் ஒரே தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் கால்வாசிக்கு மணல் போட்டு ஒரு கிழமை வையுங்கள். பிறகு இரண்டிலும் பிஎச்சையும் கடினத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாகப் போடலாம்.

அலங்காரக் கற்களையும் இதே வினாகிரியால் பார்க்கலாம். வெள்ளைக் கல் என்றால் கட்டாயம் பாருங்கள்.

அப்படியென்றால் எதைத்தான் போடுவது?

ஆற்று மணல். நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு இதைவிட நல்ல தெரிவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறையால் ஆனது. அந்தப் பாறை உடைந்து ஆற்றோடு வரும் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். குவார்ட்ஸ் தண்ணீரில் கரையாது, பிஎச்சைத் தொடாது. நிறமும் மங்கலான பழுப்பு. அதன்மேல் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும்.

இதற்காக ஆற்றில் இறங்கி அள்ளத் தேவையில்லை. ஆற்று மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். யாராவது வீடு கட்டினால் இரண்டு வாளி கேட்டு வாங்கலாம், ஹாட்வெயர் கடைகளிலும் கிடைக்கும். எடுக்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். சீமெந்து குழைத்த இடத்துக்குப் பக்கத்து மணல் வேண்டாம், சீமெந்து பிஎச்சைக் கன்னாபின்னாவென்று ஏற்றும். குவியலின் மேல்பக்கம் வேண்டாம், ஊர்ப் பூனைகள் எல்லாம் அங்கேதான் இருந்துவிட்டுப் போகும். நடுவில் தோண்டி எடுங்கள். மாரி வெள்ளத்துக்குப் பிறகு வரும் மணலில் சேறும் சருகும் அதிகம், கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிடும்.

எவ்வளவு பருமனான மணல்?

ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர். மாவு போன்ற மணல் இறுகிப் படிந்துவிடும், உள்ளே தண்ணீர் ஓட்டம் இருக்காது. பெரிய கூழாங்கல்லுக்கு இடையில் தீன் விழுந்து, மீனுக்கும் எட்டாமல் உங்கள் ஹோஸுக்கும் எட்டாமல் அழுகும். அரிதட்டில் அரித்துப் பெரிய கல்லை நீக்குங்கள். பிறகு யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலைத் துண்டொன்றில் போட்டுச் சலியுங்கள். வலையில் தங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய மணல்.

எத்தனை கிலோ தேவைப்படும்?

நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் பிரித்தால் லீற்றர் வரும். காய்ந்த மணல் லீற்றருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமுமுள்ள இரண்டடித் தொட்டியில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட 9 லீற்றர், அதாவது ஏறத்தாழ 13 அல்லது 14 கிலோ.

மீன் மட்டும் என்றால் 2, 3 சென்ரிமீற்றர் போதும். வேர்விடும் செடி வைப்பதென்றால் 5 முதல் 7. முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் போட்டால் பார்க்கவும் அழகு, அழுக்கும் முன்னுக்கு வந்து சேரும். இந்தப் பாரத்தையும் தண்ணீரின் பாரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு மேசையைத் தெரிவுசெய்யுங்கள். தொட்டிக்குக் கீழே ஒரு ரெஜிபோம் பலகை வைக்க மறக்க வேண்டாம்.

பெரிய கல் வைப்பதென்றால் அதை முதலில் கண்ணாடியில் இருத்திவிட்டுப் பிறகு சுற்றிவர மணல் போடுங்கள். மணலுக்கு மேல் வைத்த கல்லை மீன் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

எந்த மீனுக்கு எது பொருந்தும்?

மீன் தன் ஊரில் எங்கே மேய்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கொரிடோராஸ், லோச் இரண்டும் அடியில் மேய்பவை. மீசையால் மணலைக் கிளறித்தான் தீன் தேடும். உருண்டையான மென்மணல்தான் இவற்றுக்குச் சரி. கூரான கல்லும் அழுக்கும் சேர்ந்தால் மீசை தேய்ந்து புண்ணாகும். மீசை போன கொரிடோராஸ் தீன் தேடத் தெரியாமல் மெலிந்துபோவதைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உடைகல்லையும் சல்லிக்கல்லையும் இவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கோல்ட் பிஷ் எதையும் வாயில் போட்டு மென்று துப்பும். பட்டாணி அளவுக் கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒன்றில் மணல் போடுங்கள், அல்லது வாய்க்குள் நுழையவே முடியாத பெரிய கூழாங்கல் போடுங்கள். நடுத்தர அளவு மட்டும் வேண்டாம்.

கப்பி, மொலி, பிளாட்டி மூன்றுக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும். உங்கள் மணலில் கொஞ்சம் சிப்பித்தூள் இருந்தாலும் இவை கவலைப்படாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரோடு முதன்முதலில் மீன் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு இந்த மூன்றையும்தான் சொல்வேன். ஆபிரிக்காவின் மலாவி வாவி சிக்லிட் வளர்ப்பவர்கள் சிப்பித்தூளை வேண்டுமென்றே சேர்ப்பார்கள், அவற்றுக்குக் கடினமான, பிஎச் கூடிய தண்ணீர் வேண்டும். கறிக்கு வாங்கிய மட்டியின் ஓட்டை அவித்துக் காயவைத்து உடைத்துப் போட்டாலே போதும்.

நம் நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் இரண்டும் தென்மேற்கு ஈரவலயத்து நிழலான ஓடைகளில் வாழ்பவை. சருகு விழுந்த மணல்தான் அவற்றின் வீடு. மங்கலான ஆற்று மணலில் காய்ந்த கொட்டங்காய் இலை இரண்டைப் போட்டு வளருங்கள். பளிச்சென்ற வெள்ளைக் கல்லின் மேல் ஒருநாளும் காட்டாத சிவப்பைக் காட்டும்.

ஒஸ்கார், பிளவர் ஹோர்ன் இரண்டும் தோண்டும் ஜாதி. மெல்லிய மணல்படை போதும், செடி ஆசையை விட்டுவிடுங்கள். பைட்டர் மீனுக்கு எதுவும் சரி.

செடி வைக்க விருப்பம். வெறும் ஆற்று மணலில் வளருமா?

செடியைப் பொறுத்தது. அனுபியாஸ், ஜாவா பர்ன் போன்றவை மணலையே கேட்பதில்லை. கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள். அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

வேரால் உண்பவை வேறு ரகம். கிரிப்டோகோரைன் இனங்கள் உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பிரபலமான வென்டி, இலங்கைக்கே உரிய செடி. அதேபோல் குளங்களில் நாம் பார்க்கும் கொட்டியின் இனத்தைச் சேர்ந்த செடிகளும் தொட்டிக்கு வருகின்றன. இவற்றுக்கு மணல் பிடிமானம் கொடுக்கும், உணவு கொடுக்காது. வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரையைப் புதைப்பதுதான் சுலபமான வழி. சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வைத்தால் போதும்.

கிரிப்டோகோரைனை இடம் மாற்றினால் இலை முழுக்கக் கரைந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருந்தால் புதிதாகத் துளிர்க்கும்.

வயல் மண் போடலாமா? அதில் எல்லாச் சத்தும் இருக்கிறதே?

வயல் மண் வேண்டாம். பெரும்போகமும் சிறுபோகமுமாக உரமும் பூச்சிமருந்தும் களைநாசினியும் விழும் மண் அது. பயிருக்குக் கேடில்லாத அளவுகூட மீனுக்கும் இறாலுக்கும் கேடாகலாம்.

மண் அடிப்படையிலான செடித்தொட்டி நல்ல முறைதான், நான் அதற்கு எதிரி அல்ல. மருந்து அடிக்காத வீட்டுத் தோட்டத்து மண்ணை எடுங்கள். சாணமும் கொம்போஸ்டும் கலக்காததாகப் பாருங்கள். வேர், சருகு, கல் நீக்கி, வாளியில் ஊறவிட்டு மிதப்பதை எல்லாம் வடித்துவிடுங்கள். காயவைத்து மறுபடி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண், அதன்மேல் அதே அளவு மணல் மூடி. முதல் சில கிழமை மீன் விடாமல், செடியை நெருக்கமாக நட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு முறை மண் போட்ட தொட்டியில் செடியைப் பிடுங்கி விளையாடக் கூடாது, சேறு மேலே வந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு மணலும் உர மாத்திரையும்தான் நல்லது.

வீதிக்குப் பரப்பும் கிரவலைச் செம்மண் என்று நினைத்துப் போடுபவர்களும் உண்டு. அது தண்ணீரைச் சிவப்பாக்கும், தெளியவே தெளியாது.

கொழும்பில் விற்கும் ஜப்பான் செடிமண் பணம் கொடுக்கும் அளவுக்குத் தகுமா?

சுட்டு உருண்டையாக்கிய மண் அது. சத்து நிறைந்தது, பிஎச்சை ஆறரை அளவுக்கு இறக்கிப் பிடிக்கும். செடிகள் அபாரமாக வளரும். ஆனால் உங்கள் தண்ணீர் கடினமான கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அந்த மண்ணின் பிஎச் இறக்கும் சக்தி செலவாகிக்கொண்டே போகும், சீக்கிரம் தீர்ந்துவிடும். நாளடைவில் உருண்டை நொறுங்கிச் சேறாகவும் தொடங்கும். முதல் சில கிழமை அமோனியாவும் விடும், உடனே மீன் விட முடியாது. கடினத் தண்ணீர் வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கினால் கழுவாமல் போடுங்கள்.

கலர் கல்?

குழந்தைகள் கேட்டால் மறுக்க முடியாதுதான். வாளியில் வெந்நீர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் பிடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

திருக்கோவில் கரையில் பார்க்கும் கருமணல் அழகாக இருக்கிறது. போடலாமா?

அது இல்மனைட் கலந்த கனிய மணல். புல்மோட்டையில் அகழ்வதும் இல்மனைட் மணல்தான். மிக மென்மையானது, பாரம் கூடியது, தொட்டியில் இறுகிப் படிந்துவிடும். கடற்கரை மணலுக்குரிய சட்டம் இதற்கும் உண்டு. கறுப்பு நிறம்தான் வேண்டுமென்றால் கடையில் மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

எப்படிக் கழுவுவது?

அரிசி களைவது போலத்தான். ஒரு வாளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மணல் போடாதீர்கள். தண்ணீரை வேகமாக விட்டுக் கையால் அடிவரை கிளறி, கலங்கலை உடனே சரித்து ஊற்றுங்கள். கடைசி வாளித் தண்ணீரில் உங்கள் விரல் நகம் தெளிவாகத் தெரியும்வரை விடாதீர்கள். சவர்க்காரம் கிட்டவே வரக்கூடாது. கழுவியதை நல்ல வெயிலில் பரப்பிக் காயவிட்டால் போதும்.

தொட்டியில் பரப்பிய பிறகு மணலின் மேல் ஒரு கோப்பையை வைத்து, அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நாள் மெல்லிய கலங்கல் இருந்தால் பரவாயில்லை, தானாகத் தெளியும்.

மணலுக்குள் கறுப்பாகத் தெரிகிறது. கிளறினால் அழுகிய முட்டை மணம் வருகிறது. ஏன்?

மணல் ஆழமாகவோ மிக மென்மையாகவோ இருந்தால் உள்ளே ஒட்சிசன் போகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறு பக்டீரியா வேலை செய்து ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கும். மணம் அதுதான். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது கூடும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, அழுகல் வேகமும் அதிகம்.

கண்ணாடி ஓரத்தில் சின்னக் கறுப்புத் திட்டு தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. தொட்டி முழுக்கப் பரவினால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளறிவிடாதீர்கள், வாயு மொத்தமாக வெளியேறி மீன் சாகும். கிழமைக்கு ஒரு பகுதியாக, ஹோஸால் உறிஞ்சிக்கொண்டே கிளறுங்கள். தீனைக் குறையுங்கள். இனி வராமலிருக்க, தண்ணீர் மாற்றும் நாளில் விரலாலோ மூங்கில் குச்சியாலோ மணலை மெல்லக் கிளறிவிடுங்கள். நீண்ட கூம்பு வடிவச் சிறு நத்தைகள் இரவில் மணலுக்குள் ஊர்ந்து இந்த வேலையைச் செய்யும். வாய்க்காலில் பிடித்தவை வேண்டாம், ஒட்டுண்ணி வரும். மீன் வளர்க்கும் நண்பரிடம் வாங்குங்கள்.

அண்டர் கிராவல் பில்டர் (கல்லுக்கு அடியில் துளைத் தட்டு வைக்கும் பில்டர்) வைத்திருக்கிறேன். மணல் போடலாமா?

முடியாது. மணல் தட்டின் துளை வழியே இறங்கி அடைத்துவிடும். அதற்கு மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் கல் வேண்டும். நீண்ட நேரம் மின்சாரம் நின்றால் அந்தக் கல்லுக்குள் ஓட்டமும் நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் வீடுகளுக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று தேவை.

ஏற்கெனவே கடல் மணல் போட்டுவிட்டேன். மீன் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

கப்பி, மொலி என்றால் விட்டுவிடுங்கள். மென்னீர் மீன் என்றால் மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. மணலோடு பக்டீரியாவும் போய்விடும், தண்ணீரின் தன்மையும் சடுதியாக மாறும். தொட்டியை நான்கு பகுதியாக நினைத்து, ஒரு பகுதி மணலை எடுத்துப் புதியதைப் போட்டு, ஒரு கிழமைக்கு மேல் விட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த நாட்களில் பில்டர் பஞ்சைக் கழுவ வேண்டாம்.

எடுத்த பழைய மணலை எங்கே கொட்டுவது?

வாவியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அதில் நத்தை முட்டை, செடியின் வேர்த்துண்டு எல்லாம் இருக்கும். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் தென்னமெரிக்க மீன் இப்படித்தான் தொட்டிகளிலிருந்து வெளியேறி இலங்கை நீர்நிலைகளில் பெருகியது. மணலைச் சில நாள் கடும் வெயிலில் காயவிட்டு வாழையடியிலோ பூச்சட்டியிலோ கொட்டுங்கள். மீன் கழிவு ஊறிய மணல், செடிக்கு நல்லது.